ஓர் இடி குறைகிறது

நேற்றுச் சாயங்காலம் பூதிகோட்டைப் பக்கம் வானம் ஒரே ஒருமுறை மின்னியது. சத்தம் இல்லை. காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். என் மகன் சிரித்தான். அவனுக்கென்ன, ஓட்டு வீட்டில் பிறந்தவன்.

மழைக்கு முன்னால் எழும் மண்வாசனை எல்லோருக்கும் பிடிக்குமாம். எனக்கு அதோடு மருந்துப் புகையின் நெடியும் சேர்ந்து வரும். வெடிமருந்தைத்தான் சொல்கிறேன். என் அப்பா, நைனா, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கிறவர். ஷிப்ட் முடிந்து வந்தால் அவர் சட்டையிலும் தலையிலும் அந்த நெடிதான்.

சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் எல்லாம் மண்சுவர், தகரக் கூரை. இடித்தால் தகரம் அதிரும். நானும் தங்கை செல்லியும் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்வோம். எங்கள் பயம் தெளிய நைனா தன் தொழிலையே பாடமாகச் சொன்னார். பாறையில் எட்டுக் குழிக்கு மருந்து அடைத்துத் திரி கொளுத்தினால், தள்ளி நின்று எட்டுச் சத்தத்தையும் எண்ண வேண்டுமாம். ஏழுதான் கேட்டதென்றால் கிட்டே போகக் கூடாது, ஒன்று உள்ளே உயிரோடு இருக்கிறது.

"மின்னல எண்ணு, இடிய எண்ணு. ரெண்டும் சரியா வந்தாதான் வெளிய வரணும், இன்னா?"

பள்ளிக்கூடத்தை இரண்டாம் வகுப்போடு விட்டவள் நான். ஒழுங்காகக் கற்ற கணக்கு இது ஒன்றுதான்.

ஒருநாள் மத்தியானம் நைனா சுரங்கத்துக்குள் இருந்தார். அம்மா மாரிகுப்பத்துக்குப் போயிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. பதினொரு மின்னல் எண்ணினேன். இடி பத்துதான். மழை விட்டது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. நான் செல்லியை விடவில்லை. சுவரின் அடிமண் ஊறிக் கரைந்து எங்கள் கால்வரை சேறாக வந்தது. அப்போதும் பானைக்குப் பின்னால்தான் இருந்தோம்.

பக்கத்து வீட்டு அந்தோணியம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். "சுவரு வாய பொளந்துகினு கீது, இன்னாடி பண்றீங்க உள்ள?"

"இன்னும் ஒரு இடி வரணும் அக்கா."

"மேல மருந்து வச்சது உங்க நைனாவாடி?" என்றபடி உள்ளே வந்து, என் தலைமயிரையும் செல்லியின் கையையும் பிடித்து இழுத்துப் போனாள். வாசலைத் தாண்டிப் பத்தடி போயிருப்போம். சுவர் பானையின் மேல் சாய்ந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த நைனா அந்த மண்குவியலைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. எத்தனை எண்ணினாய் என்று மட்டும் கேட்டார், சொன்னேன். "தூரத்து மின்னலுக்குச் சத்தம் கேக்காது போலக்கீது. எனக்குத் தெரியல கண்ணு" என்றார்.

அதுவரை எனக்கு இடியிடம்தான் பயம். அன்றிலிருந்து வேறு பயம் பிடித்துக்கொண்டது. நைனாவுக்குத் தெரியாதது ஒன்று மேலே இருந்தால், கீழேயும் இருக்காதா? அவர் வெளியே வருகிறவரை தினமும் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறும் ஷாப்ட் பக்கம் பார்த்தபடி நிற்பேன். கடைசிவரை நல்லபடியாகத்தான் வந்தார். அவரை எடுத்துக்கொண்டு போனது பாறைத் தூசியால் வந்த இருமல். அதை எண்ண யாருக்கும் தோன்றவில்லை.

அந்த லைன் இப்போது இல்லை. அந்த ஷாப்டின் வாயைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். அந்தோணியம்மாவும் போய்விட்டாள். நேற்று மின்னிய அந்த ஒன்றுக்காக விளக்கு வைக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வந்து தலைமயிரைப் பிடித்து இழுக்க யாரும் இல்லை.