வடு இல்லாத படம்

என் அக்கா ரெபேக்காள் போடிமெட்டு ஏலத்தோட்டப் பள்ளியில் ஆசிரியை. சிறு வயதில் வந்த அம்மை, முகமெங்கும் வடு வைத்துப் போயிருந்தது. 1956இல் மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டார்கள். அண்ணன் ஜேசுதாஸ் போடியில் ஸ்டூடியோ வைத்திருந்தான்.

"வடு தெரியணும் அண்ணே. பாத்துட்டு இஷ்டம்னா வரட்டும்" என்றாள்.

"சரி ஆத்தா."

ஆனால் அவன் காமிராவின் பிளாஷைத் தன் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்பினான்.

"ஏன் அங்கிட்டுத் திருப்புற?"

"நேரா அடிச்சா கண்ணு கூசும்."

சுவரில் பட்டுப் பரவி வந்த மெல்லிய வெளிச்சத்தில், படத்தில் ஒரு வடுவும் விழவில்லை. அவளிடம் காட்டாமலே படத்தை அனுப்பிவிட்டான்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய், காப்பி கொடுத்த அக்காவை ஏறிட்டுப் பார்த்து, "படத்துல இருக்க பொண்ணக் கூப்பிடுங்க" என்றாள். உடனே எழுந்து போய்விட்டார்கள்.

அக்கா அழவில்லை. "அவங்க வேண்டாம்னாங்க, சரி. ஒனக்குமா அண்ணே என் மொகம் வேண்டாம்?" என்று மட்டும் கேட்டாள். அதன் பின் காமிரா முன் அவள் நிற்கவேயில்லை.

இன்று அவளை அடக்கம் செய்தோம். அண்ணன் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்து வந்தான். அவளுக்கு வேறு படம் கிடையாது. இருந்தும், அதை மாட்ட நான் விடவில்லை.