‘லே’ போட்டுக் கூப்பிட ஒருவன்

போன வாரம் பனியன் கம்பெனியில் ஃபினிஷிங் பக்கம் ஒரு சுற்றுப் போய்க்கொண்டிருந்தேன். அயர்ன் டேபிளின் ஆவியும் சூடான பனியன் துணியின் வாசனையும் முகத்தில் அடிக்கிற இடம். பின்னாலிருந்து ஒரு குரல், “ஏலே, அந்தப் பண்டல எடுத்து இங்க வையிலே” என்றது. சட்டென்று திரும்பிவிட்டேன். பேசியது செக்கிங்கில் இருக்கும் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கூப்பிட்டது அவருடைய தம்பியை. செக்யூரிட்டி ஆபீசரான நான் விறைப்பாகத் திரும்பியதைப் பார்த்துப் பயந்துபோய், “ஐயோ சார், உங்கள இல்ல சார்” என்றார். தெரியும் என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். என்னை அப்படிக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோபித்துக்கொண்டேனோ என்று பார்க்க வந்திருப்பார். வந்த இடத்தில் ஒரு சந்தேகமும் கேட்டார். “சார், எம் மவளும் அவ சேக்காளியும் ஏர்ஃபோர்ஸ் ஏர்ஃபோர்ஸ்னு ஒரே சண்டை. ஒருத்தி இப்பவே பிளஸ் டூ முடிச்ச கையோட போவணும்ங்கா. ஒருத்தி படிச்சி ஆபீசராத்தான் போவேன்ங்கா. எது சார் நல்லது?” நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இருபது வருஷம் விமானப்படையில் இருந்துவிட்டு வந்தவனுக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நாள் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஆபீசர் என்ற சொல் என் வாழ்க்கையில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நான் ஏர்மேனாகச் சேர்ந்த அன்றே அப்பா டீக்கடையில் போய், “பையன் பிளேன் ஆபீசராயிட்டானுங்க” என்று சொல்லிவிட்டார். “ஏர்மேனுங்கப்பா, ஆபீசர் இல்லீங்க” என்று எத்தனையோ தடவை திருத்தினேன். “மேல பறந்தாச் செரி கண்ணு” என்று முடித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை காக்கியானாலும் நீலமானாலும் யூனிஃபார்ம் போட்டவன் ஆபீசர். கடைசியில் பாருங்கள், ஓய்வு பெற்று வந்து ஒரு பனியன் கம்பெனி கேட்டில் நிற்கும்போதுதான் என் சட்டையில் அந்தச் சொல் ஏறியது. பார்க்க அப்பா இல்லை.

எங்களுக்குச் சாமளாபுரம். அப்பாவுக்குக் கொஞ்சம் விசைத்தறிகள் இருந்தன. தறிக்குடோனில் பஞ்சுத்தூசியும் கிரீஸும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இப்போதும் எங்காவது ஓவர்லாக் மெஷினைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டால் எனக்கு அந்தக் குடோன்தான் ஞாபகத்துக்கு வரும். சூலூர்த் தளத்து விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். உள்ளே இருந்தால் தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் விமானம் வந்தால் என் கூட்டாளி சேவியர் வாசலில் நின்றுகொண்டு கையை ஆட்டுவான். நான் ஓடுவேன்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த சேவியரின் அப்பா எங்கள் தறியைத்தான் ஓட்டினார். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேனில் போய்வருவார். அவன் அப்பா என்னை முதலாளி மகன் என்பார். சேவியருக்கு நான் ‘லே’. “வாலே, போலே, என்னலே முழிக்க.” எங்கள் வீட்டில் அம்மா என்னையே வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஊர்ப் பையன்கள் தங்களுக்குள் வாடா போடா என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் நாக்கு வளையவில்லை. சேவியரையும் “வாங்க சேவியர், குளத்துக்குப் போலாமுங்க” என்றுதான் கூப்பிடுவேன். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். “உங்க ஊட்டுல கன்னுக்குட்டிக்கே மரியாத குடுக்கீங்க. எனக்கு எதுக்குலே?” என்பான். நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை என்பது அப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒருமுறை பள்ளியில் அமராவதி அணைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். முதலை பார்த்தோம், புளிச்சோறு தின்றோம். திரும்பும்போது அமராவதி நகரில் ராணுவ விடுதிப் பள்ளிப் பையன்கள் வரிசையாக நடந்து போனார்கள். ஒரே மாதிரிக் கால், ஒரே மாதிரிக் கை. சேவியர் பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு பார்த்தான். “இவனுவ எல்லாம் ஆபீசராப் போவானுவலே” என்றான். நான் பார்த்ததோ அவர்களுடைய ஷூவை.

பிளஸ் டூ முடித்ததும் இருவரும் ஏர்மேன் தேர்வு எழுதினோம், ஓடினோம், தேறினோம். அழைப்பும் வந்தது. அன்று குளக்கரையில் உட்கார்ந்துகொண்டு அவன், “நான் போவலலே” என்றான். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஆபீசராகத்தான் போவானாம். “நீயும் இரு. ஒண்ணாப் படிப்போம், ஒண்ணாப் போவோம்.”

“எனக்கு மெஷினைத் தொடோணுமுங்க. ஆபீசரு தொட மாட்டாங்க, கையெழுத்துத்தான் போடுவாங்க” என்றேன். சத்தியமாக அதுதான் காரணம். ஒரு விமானத்தின் வயிற்றைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

அவன் ஒரு கல்லை எடுத்துக் குளத்தில் விட்டெறிந்தான். பிறகு, “எங்கப்பா காலம்பூரா மெஷினத்தான தொட்டுக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டுக்குத் தொட்டது போதும்லே” என்றான். பிறகு அவனே சிரித்து, “நான் வந்தா நீ எனக்கு சல்யூட் அடிக்கணும், பாத்துக்க” என்றான். இரண்டு பேரும் அதற்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் போனேன். பயிற்சி முடித்து, வடக்கே குளிர்காலத்தில் பனி மூடிக்கொள்ளும் ஒரு தளத்தில் சேர்ந்தேன். விமானத்தைத் தொட்டேன். ஆசை தீரத் தொட்டேன் என்றே சொல்லலாம். சில வருஷம் கழித்து ஒருநாள் காலை ஹேங்கருக்குள் புது இன்ஜினியரிங் ஆபீசர் வந்தார். சேவியர். என் கை தானாக மேலே போனது. “ஜெய் ஹிந்த், சார்.” அவன் கையும் மேலே போனது. சுற்றிலும் ஆட்கள். இருவரும் சிரிக்கவில்லை.

அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அது சட்டைக்கு அடிக்கிற சல்யூட். தனியாகப் பார்க்கட்டும், “என்னலே” என்பான் என்று காத்திருந்தேன். சாயங்காலம் ஹேங்கருக்குப் பின்னால் தனியாக வந்தான். நான் ‘சாரை’ வேண்டுமென்றே விட்டுவிட்டு, குளக்கரையில் பேசுகிற மாதிரியே, “ஏனுங்க சேவியர், நல்லாருக்கீங்களா? வாங்க, டீ குடிக்கலாமுங்க” என்றேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. “நல்லாருக்கேங்க. நீங்க நல்லாருக்கீங்களா? டீ இன்னொரு நாள் பாப்போங்க” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ‘ங்க’ அவன் எங்கள் ஊரில், எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டது. சொந்த ஊர்ப் பேச்சே அப்படிக் கதவைச் சாத்தும் என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி என் அறையில் இருந்த பஞ்சாபிக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆபீசர்களுக்கு ஒரு மெஸ், எங்களுக்கு ஒரு மெஸ். இன்னொரு நாள் வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு ஆபீசர் ஆசை வந்தது. உள்ளேயிருந்தே தேர்வு எழுத வழி உண்டு. பதவிக்காக இல்லை. நானும் அந்தச் சட்டையைப் போட்டால் அவன் மறுபடி ‘லே’ என்பான் என்று நினைத்தேன். எழுத்தில் தேறி நேர்காணலுக்கும் போனேன். ஒரு வட்டமாக உட்காரவைத்து விவாதம் செய்யச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நான் வளர்ந்த வளர்ப்புக்கு ஒருவர் வாயைத் திறந்தால் அவர் முடிக்கும்வரை இருக்க வேண்டாமா? ஒவ்வொருவரிடமும் “நீங்கள் சொல்லுங்கள்” என்று இங்கிலீஷில் வழி விட்டுக்கொண்டிருந்தேன். என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது சேவியருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது.

நான் ஓய்வு பெற்று வந்த புதிதில் சேவியரின் அம்மா கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொள்ள வந்தவர், அவனுடைய நம்பரை என் கையில் கொடுத்தார். “ஒன்ன அங்க பாத்த அன்னிக்கே அவன் எங்கிட்ட அழுதாம்ல. ‘தனியா இருக்கையிலயும் ஆபீசர்கிட்டப் பேசுத மாதிரி வாங்க போங்கன்னு பேசுதாம்மா, பொறவு நான் எந்த வாயால லேன்னு கூப்புட?’ன்னான். ஏம்ல அப்படிப் பேசின?” என்றார். நான் எப்போதும் அப்படித்தானே பேசினேன். நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொண்டதோடு சரி.

ஸ்டெல்லா கேட்டதற்கு மறுநாள் அவரிடம் பதில் சொன்னேன். நான் போன வழி இப்போது இல்லை. பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால் நாலு வருஷம்தான், அதன் பிறகு அதில் சிலரைத்தான் வைத்துக்கொள்வார்கள். ஆபீசர் வழி அப்படியே இருக்கிறது. “அப்ப எது சார் நல்லது?” என்று திரும்பவும் கேட்டார். “ரெண்டு பேரையும் ஒரே பக்கம் போகச் சொல்லுங்க” என்றேன். அவர் புரியாமல் பார்த்தார்.

அன்று மாலை சேவியருக்குப் போன் செய்தேன். போடுவதற்கு முன் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இந்த வயதில் நாக்கை வளைத்துப் பழக்கினேன். அவன் எடுத்ததும் ஒரே மூச்சில், “என்னலே, நல்லாருக்கியாலே” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய அதிகாரியின் நிதானமான குரல்:

“யாருங்க பேசறது?”

“நாந்தானுங்க” என்றேன். பழக்கிய நாக்கு அதற்குள் பழையபடி ஆகிவிட்டிருந்தது.

“ஓ, நீங்களா. சொல்லுங்க” என்றான். அவன் அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டேன். எங்கள் தறிக்குடோனை இடித்துவிட்டார்களா என்று அவன் கேட்டான். இடித்து வருஷமாகிறது என்றேன். போனை வைத்துவிட்டோம்.

நேற்று ஃபினிஷிங் பக்கம் போனபோது, “ஏலே, இங்க வாலே” என்று பின்னாலிருந்து கேட்டது. நான் திரும்பவில்லை.