இரட்டை அம்பு

மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போதே அவள் கண் ஒரு தடவை கைப்பேசிக்குப் போய் வருகிறது. மாத்திரைகளைக் காகிதப் பையில் போட்டு, காலை வேளைக்குச் சூரியனும் இரவு வேளைக்குப் பிறையும் பேனாவால் வரைந்து, நீட்டிய கையோடு ஒரே ஒரு சொல்லைத் தட்டுகிறாள்: "ஆதாரம்?"

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். நாளைக்குச் சூரியன் உதிக்காது என்றோ, மைக்ரோவேவ் அடுப்பு மூளையை உருக்கிவிடும் என்றோ யாராவது அனுப்பினால், அடுத்த வாடிக்கையாளர் வருவதற்குள் கேள்வி போய்விடும். பதில் வராவிட்டால் செய்தியே போய்விடும். அட்மின் அவள். சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பவரைப் பார்க்கிற அதே பார்வையோடுதான் சொந்தக்காரர்களையும் பார்க்கிறாள். காலை வணக்கத்தோடு வரும் பூப்படங்களுக்கு மட்டும் விலக்கு. "பூ யாரையும் கொல்லாது. போட்டுக்கட்டும்."

குடும்பத்தில் அவளுக்குப் பெயர் சென்சார். ஒருமுறை கணவனையே குழுவிலிருந்து தூக்கினாள். "கட்டினவருக்கே இந்தக் கதின்னா நாங்கெல்லாம் எம்மாத்திரம் அண்ணி?" என்று மச்சினன் குரல்செய்தி போட்டான். "அரை மாத்திரை" என்று எழுதிவிட்டு, அவள் கல்லாவைத் திறந்தாள்.

இந்த அதிகாரமெல்லாம் செல்லாத ஒரே ஆள் சித்தப்பா. வேலையில் இருந்த காலத்தில் கணக்குத் தணிக்கை அதிகாரி. ஒரு பெட்டி குண்டூசி வாங்கிய ரசீதிலும் இரண்டு கையெழுத்துத் தேடியவர். ஓய்வுக்குப் பிறகு கையெழுத்துக்குப் பதில் அம்பைத் தேடுகிறார். பல கை மாறி வந்த செய்தியின் தலையில் வாட்ஸ்அப் இரட்டை அம்பு போடும். ஜாக்கிரதை என்று சொல்லப் போடுவது. அவர் அதை முத்திரை என்று எடுத்துக்கொண்டார். "ரெண்டு அம்பு சும்மா விழுமாம்மா? அத்தனை பேரும் சரிபாத்துட்டுத்தானே அனுப்பறாங்க?"

சென்ற மாதம் சித்தி கடைக்கே ஃபோன் செய்தாள். வெறும் வயிற்றில் வெந்நீர் குடித்தால் பிரஷர் ஓடிவிடும் என்று இரட்டை அம்போடு ஒன்று வந்ததாம். சித்தப்பா மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

"காலைல தலை சுத்தி, சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நின்னாரும்மா. என்னன்னு கேட்டா, வெந்நீர் வேலை செய்யுதுங்கறாரு."

சித்தப்பாவின் அண்ணன், அவளுடைய அப்பா, இதே பிரஷரில்தான் ஒரு காலையில் விழுந்தார். எழவில்லை. உடனே சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"மாத்திரையை நிறுத்தாதீங்க சித்தப்பா. நான் சொல்றேன்."

"நீ ஒருத்தி சொல்றே. அங்க ஊரே சொல்லுது."

"நான் மருந்து படிச்சவ."

"மருந்து விக்கறவ. வேற எப்படிச் சொல்லுவே?"

"டாக்டர் சொன்னா?"

"அவரு எழுதறாரு, நீ விக்கறே. ரெண்டு பேரும் ஒரே கட்சி. வச்சிடு, வெந்நீர் ஆறுது."

ஃபோனை வைத்தவள், ஏற்கெனவே நேராக இருந்த இருமல் மருந்துப் பாட்டில்களைக் கொஞ்ச நேரம் நேராக்கினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஃபார்வர்டு எழுதினாள்.

"அவசரம்!!! உயிர் காக்கும் தகவல்!!! பிரசர் மாத்திரயை திடீர் என்று நிறுத்தாதீர்!!! ஆபத்து!!! வெண்ணீர் குடித்தாலும் மாத்திரை கட்டாயம்!!! தெரிந்த அனைவருக்கும் பகிரவும்!!!"

சொன்னது அத்தனையும் உண்மை. பிழைகளைத்தான் யோசித்து யோசித்துப் போட வேண்டியிருந்தது. சுத்தமாக எழுதினால் சித்தப்பா சந்தேகப்படுவார்.

அம்பு இன்னும் சிக்கல். எழுதியவள் கையிலிருந்து நேரே போனால் அம்பு விழாது. கணவனுக்கு அனுப்பினாள். அவன் தம்பிக்குத் தள்ளினான்.

"அண்ணி, நீங்களா இது? ஆதாரம் இருக்கா?"

"இருக்கு. பேசாம அனுப்புடா."

அவன் மனைவிக்கு, மனைவி தன் அக்காவுக்கு, அக்கா அலுவலகத் தோழிக்கு, தோழி தன் மாமனாருக்கு. மாமனார் தினமும் சித்தப்பாவோடு நடக்கப் போகிறவர். அவரிடமிருந்து சித்தப்பாவுக்குப் போனபோது செய்தியின் தலையில் இரண்டு அம்பும் இருந்தன.

மறுநாள் ஷட்டரைத் தூக்கிய கையோடு வீடியோ அழைப்பு வந்தது.

"உனக்கு ஒண்ணு அனுப்பியிருக்கேன், படிச்சியா? மருந்துக்கடை வச்சிருக்கே, இதெல்லாம் தெரிஞ்சி வச்சிக்க வேணாமா?"

"இப்பத் தெரிஞ்சிக்கறேன் சித்தப்பா."

"நல்லாப் பாத்துக்கோ."

அவர் அட்டையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி நாக்கில் வைத்தார். தம்ளரைத் தேடி அவர் கை திரைக்கு வெளியே போனது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் வாங்கவில்லை. தம்ளர் வந்தது. திரையில் அவர் தொண்டை ஏறி இறங்கியபோது, கூடவே அவளும் எச்சிலை விழுங்கினாள்.