எல்ஸ்பெத் தன் பெயரைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

மருந்துக் கடையைத் திறக்கச் சாவி மட்டும் போதாது. அன்றைக்குப் பொறுப்பேற்கும் மருந்தாளுநரின் பெயரும் பதிவு எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்க வேண்டும். பெயர் இல்லையென்றால் ஒரு தலைவலி மாத்திரையைக்கூட விற்க முடியாது. டண்டீ நகரின் நடுவில், மரிகேட் தெருக் கடையில், இருபத்தாறு வருஷம் தொங்கிய பெயர் எல்ஸ்பெத் மக்கீ. சென்ற பிப்ரவரியில் அவள் இறந்துபோனாள்.

ஆள் குள்ளம். மேல் தட்டிலிருந்து எதையாவது எடுக்க வேண்டுமென்றால் முக்காலி வேண்டும். ஒவ்வொரு மருந்தின் சீட்டையும் உதட்டை அசைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். வரிசையில் நிற்பவர்கள் அதை ஜெபம் என்று கேலி செய்வார்கள்.

போதையை விட்டு மீள்கிறவர்கள் தினமும் காலையில் வந்து அவள் கண் முன்னால், போதை ஏக்கத்தை அடக்கும் பச்சை நிறத் திரவ மருந்தைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களைப் பக்கத்துச் சந்தின் கதவு வழியாக வரச் சொல்லும்படி தலைமை அலுவலகத்திலிருந்து ஒருமுறை கடிதம் வந்தது. அதை அவள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். டாம் கெர் என்கிறவன் மறுநாளும் முன்வாசல் வழியாகத்தான் வந்தான். காது குத்திக்கொள்ள வந்த பெண்ணுக்கும், காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வந்த வங்கி அதிகாரிக்கும் நடுவில் நின்று மருந்தைக் குடித்துவிட்டுப் போனான்.

அவள் இறப்பதற்குச் சில வருஷம் முன்பு, ஓர் இலையுதிர் காலத்தில், கடையை நடத்தும் நிறுவனம் கடையின் நாலு பேரில் இரண்டு பேரை ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிளைக்கு மாற்றியது. தற்காலிகம் என்றார்கள். பதினோரு வாரம் ஆயிற்று. மிஞ்சியது எல்ஸ்பெத்தும், மருந்து எடுத்துக் கட்டும் உதவியாளர் செங்காவும். வேலை குறையவில்லை. முதியவர்களுக்கு வேளை வேளையாக மாத்திரை பிரித்து அடைக்கும் வார டப்பாக்கள் மட்டும் நூற்று நாற்பது.

கடையில் ஒரு பதிவேடு உண்டு. மருந்து கவுண்டரைத் தாண்டிப் போவதற்குள் கண்டுபிடித்த தவறுகளை அதில் எழுத வேண்டும். முன்பெல்லாம் மாதத்துக்கு மூன்றோ நாலோ இருக்கும். அந்த அக்டோபரில் மட்டும் பத்தொன்பது. ஆட்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி எல்ஸ்பெத் மூன்று கடிதம் எழுதினாள். வட்டார மேலாளர் காவின் ட்ரூப் மூன்றுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டார். பிறகு ஒருநாள் தொலைபேசியில், மற்றக் கிளைகள் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் எழுதுகின்றன, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டார்.

"அங்கெல்லாம் பேனா தீர்ந்துபோச்சோ என்னவோ" என்றாள் எல்ஸ்பெத்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். லௌடன் அம்மாளின் வார டப்பாவைப் பையில் போடப்போன செங்கா கையை நிறுத்தினாள். அந்த அம்மாளுக்கு எண்பத்து மூன்று வயது, மூட்டுவாதம். அதற்கு ஒரு மஞ்சள் மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள். மற்ற ஆறு நாளும் சத்துக்காக வேறொரு மஞ்சள் மாத்திரை. இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். டப்பாவில் ஏழு நாளும் முதல் மாத்திரையே இருந்தது. அப்படியே விழுங்கியிருந்தால் ரத்தம் கெட்டு ஆளே போயிருப்பாள்.

"அடைச்சது நான்" என்றாள் செங்கா.

எல்ஸ்பெத் டப்பாவைத் திருப்பினாள். பின்பக்கம் அவளுடைய கையெழுத்து. "சரிபார்த்தது நான்" என்றாள்.

முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த டப்பாவை உதட்டை அசைத்துப் படித்தோமா இல்லையா என்று நினைவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. தவறைப் பதிவேட்டில் எழுதினாள். அந்த மாதத்தில் அது பதினேழாவது. பிறகு எழுந்து, பச்சை மருந்துக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தாள். இன்சுலின், வலிப்பு மாத்திரை என்று காத்திருக்க முடியாதவற்றை ஒவ்வொன்றாக மூன்று முறை பார்த்து அனுப்பினாள். பதினொன்றே கால் மணிக்குப் பெயர்ப் பலகையைக் கழற்றி, பொறுப்பிலிருந்து விலகிய நேரத்தை எழுதிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சாப்பிடப் போறியா?" என்று கேட்டாள் செங்கா.

"இல்ல. நாலு பேர் செய்ற வேலைக்கு நாலு பேர் வரட்டும். அதுவரைக்கும் இந்தச் சுவத்துல என் பேர் கிடையாது."

விஷயம் கேள்விப்பட்ட காவின், வட்டார அலுவலகம் இருந்த பக்கத்து ஊரான பெர்த்திலிருந்து நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். அதற்குள் வாசலில் இருபது பேர் குளிர்காற்றில் நின்றார்கள். மனிதர் என்றால் தவறு வரத்தான் செய்யும், அதுதான் பிடிபட்டுவிட்டதே, பலகையை மாட்டுங்கள் என்றார். செங்காவின் அதிர்ஷ்டத்தை நம்பிக் கடை நடத்த முடியாது என்றாள் எல்ஸ்பெத். வேலை போகும் என்றார். போகட்டும் என்றாள். அவர் தெருவுக்குப் போய், தினக்கூலிக்கு வரும் மருந்தாளுநர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

நெய்ஸ்மித் என்ற அந்தப் பெரியவர் பன்னிரண்டரைக்கு வந்து கோட்டைக் கழற்றினார். அடுக்கியிருந்த டப்பாக்களைப் பார்த்தார். எத்தனை பேர் வேலைக்கு என்று கேட்டார். செங்கா மட்டும் கையை உயர்த்தினாள். பதிவேட்டைப் புரட்டி நாலு பக்கம் படித்துவிட்டுக் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க. என் பேரை நாப்பது வருஷமாக் காப்பாத்தி வச்சிருக்கேன். ஒருநாள் கூலிக்காக இங்க மாட்டிட்டுப் போக முடியாது."

அவர் வெளியே போகும்போது, டப்பா வாங்க வந்த லௌடன் அம்மாளின் மகள் இஸபெல் உள்ளே வந்துவிட்டாள். அம்மாவின் மருந்துகளைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எல்ஸ்பெத் அவளைத் தனியாகப் பேசும் சின்ன அறைக்குக் கூப்பிட்டாள். காவின் குறுக்கே வந்து, வெளியே போகாத மருந்தைப் பற்றி வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவசியம் இல்லதான். அவங்க இந்த வாசல்ல குளிர்ல நிக்கறாங்க. எதுக்குன்னு தெரிஞ்சுட்டு நிக்கட்டும்."

அறைக் கதவு ஐந்து நிமிஷம் மூடியிருந்தது. இஸபெல் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அறைக்குள் எல்ஸ்பெத்தைத் திட்டிவிட்டு வந்தவள்தான். அது வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருந்தது. இப்போது காவினைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டது அவ, அவளைத் திட்டிட்டேன். ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போனது யாரு? நீங்கதானா?"

காவின், இதைத் தனியாகப் பேசலாமே என்றார்.

"எதுக்குத் தனியா? எங்கம்மா சமாச்சாரம். நான் எங்க வேணா சொல்வேன்." சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய் வரிசையிடம் முழுவதையும் சொன்னாள். காலையிலேயே மருந்து குடித்துவிட்டு, நடப்பதைப் பார்க்க நின்ற டாம் கெர், "அய்யா, அந்தப் பாலத்துக்குப் பஸ் ஓடுதுல்ல? அந்த ரெண்டு பேருக்கும் சீட்டுக் காசு வேணும்னா நான் தரேன்" என்றான். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. வங்கி உடுப்பில் இருந்த ஒருத்தி, மருந்துக் கடைகளைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவின் தொலைபேசி எண் என்ன என்று எல்ஸ்பெத்திடம் கேட்டாள். அதை மக்கள் பார்வைக்கு வைத்தே ஆக வேண்டும், அதோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது என்று அவள் காட்டினாள்.

காவின் தொலைபேசியை எடுத்தார்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு டாக்சி வந்து நின்றது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றப்பட்ட இரண்டு பேரும் இறங்கினார்கள். எல்ஸ்பெத் பலகையை மாட்டினாள். முதல் வேலையாக லௌடன் அம்மாளின் டப்பாவைப் பிரித்துப் புதிதாக அடைத்தார்கள். இஸபெல் கடைசிவரை பக்கத்திலேயே நின்று, மாத்திரைகளைத் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்து, நன்றி சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். அது நியாயம்தான் என்று எல்ஸ்பெத்துக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அனுமதியின்றிக் கடையை மூடியது, உள் விவகாரத்தை வெளியே சொன்னது என்று இரண்டு குற்றம். தவறை உணர்ந்தேன், இனி நடக்காது என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். பெர்த் அலுவலகத்தில் மேசையின் மறுபக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அந்த வரியை உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் வைத்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்கு. திருத்திட்டுக் கொடுங்க, போடறேன்."

அவர்கள் திருத்தவில்லை. அவள் போடவுமில்லை. வேலையை விட்டு அனுப்பவும் அவர்களுக்குத் துணிவு வரவில்லை. நாலரை வருஷம் கழித்து, உடம்பு முடியாமல் அவளாகவே ஓய்வு பெற்ற நாள்வரை, அந்தக் கடையில் நாலு பேருக்குக் குறைந்து ஒருநாளும் கதவு திறந்ததில்லை.