டாக்டர் ஹெர்மினியாவின் டிரிக்கர்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் ஹெர்மினியா பல்மாரெஸிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் அவருடைய கையைப் புகழ்வார்கள். வலித்ததே தெரியவில்லை என்பார்கள். அதே கை ஞாயிற்றுக்கிழமைகளில், ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடும் தளத்தில் அவர் மானத்தை வாங்கியது. குறி வைப்பது ஆள் வடிவ அட்டையின் நெஞ்சுக்கு. துளை விழுவது இடது பக்கம் கீழே.

"மனாங், அது பல்லு இல்ல. இழுத்துப் பிடுங்காதீங்க!" என்று கத்துவான் வில்ஃப்ரெடோ; அவரை அக்கா என்ற பொருளில் 'மனாங்' என்பான். பஸ் கம்பெனி முதலாளி, கிளப்பின் சாம்பியன். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என் நாற்காலியில வந்து உக்காரு தோதோ, பிடுங்குறதுன்னா என்னன்னு காட்டுறேன்," என்று தம்பியை அதட்டுவது போலச் சொல்வார் ஹெர்மினியா. எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பார். வண்டியில் ஏறியதும் சிரிப்பு போய்விடும். ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ஆரம்பித்த விளையாட்டு. அதில் எப்போதும் கடைசி இடம்.

"உங்க டிரிக்கர் கல்லு மாதிரி இருக்கு. உள்ள ஸ்பிரிங்க மாத்துங்க, பஞ்சு மாதிரி ஆயிடும்," என்று வில்ஃப்ரெடோதான் யோசனை சொன்னான். மாற்றினார்.

அவருடையது ஸ்ட்ரைக்கர் பிஸ்டல். வெளியே தெரியும் சுத்தியல் அதில் இருக்காது. உள்ளிருக்கும் ஊசி ஸ்பிரிங்கின் வேகத்தில் பாய்ந்து தோட்டாவின் அடியைக் குத்தினால்தான் வெடிக்கும். அடுத்த கிளப் போட்டியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுத்தினார். 'டிக்' என்றது. தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றினார். மறுபடியும் 'டிக்'. போட்டி முடிந்தபின் நடுவர் அந்தத் தோட்டாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார். அடியில் கொசு கடித்த மாதிரி ஒரு பொட்டுதான். இளைத்த ஸ்பிரிங், ஊசியின் வலுவைத் தின்றுவிட்டிருந்தது.

அவமானத்தில் காது சிவக்க வீட்டுக்கு வந்தவர், முதல் வேலையாகப் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டார். பிறகு தோட்டாக்களை எல்லாம் வேறு அறையில் பூட்டினார். பிஸ்டல் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். சுவரைப் பார்த்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, டிரிக்கரை மெல்ல மெல்ல அழுத்தினார். சொத்தைப் பல்லைக் கம்பியால் தடவிப் பார்ப்பவருக்கு இது புது வேலை இல்லையே.

முதலில் சும்மா நகர்ந்தது. பிறகு ஓரிடத்தில் முட்டி நின்றது. முட்டிய இடத்திலிருந்து மணலை அரைப்பது போல நறநறத்து, சட்டென்று விட்டது. அழுத்திய விரலை எடுக்காமல் பிஸ்டலின் மேல்பாகத்தை ஒருமுறை பின்னுக்கு இழுத்துவிட்டு, விரலை மெல்லத் தளர்த்தினால் பாதி வழியிலேயே ஒரு சின்ன 'க்ளிக்'. அங்கிருந்தே மறுபடி அழுத்தலாம்! இத்தனை நாளும் முழுக்க விட்டுவிட்டு, பயத்தில் ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த இழுப்பில்தான் குழாய் முனை கீழே குனிந்திருக்கிறது.

கழற்றிப் பார்த்தார். உரசும் தகடுகளில் பழைய எண்ணெய் கறுத்து ஒட்டியிருந்தது. துடைத்து, பல்லுக்கு மெருகேற்றும் பசையை வைத்தே அந்த உரசும் முகங்களை மட்டும் பளபளக்கத் தேய்த்தார். அரத்தைத் தொடவில்லை. நறநறப்பு போயிற்று. பிறகு தினமும், குழாய் முனையில் குறி பார்க்க உதவும் முன்குறியின் மேல் ஒரு காலித் தோட்டாக் கூட்டை நிறுத்தி, அது விழாமல் அழுத்திப் பழகினார். முதல் வாரம் கூடு தரையிலேயே உருண்டுகொண்டிருந்தது. விரலின் மடிப்பால் இழுக்காமல் நுனிச் சதையால் அழுத்த ஆரம்பித்த பிறகு நின்றது.

பக்கத்துத் தீவிலுள்ள பகோலோடில் வட்டாரப் போட்டி. கடைசிச் சுற்றில் தூரத்தில் ஒரு சின்ன இரும்புத் தட்டு. அதை ஒட்டினாற்போல், பட்டால் மதிப்பெண் போகும் வெள்ளை அட்டை. அதற்கு முந்தைய தட்டுகளை மளமளவென்று சாய்த்துவிட்டு, முட்டும் இடம் வரை டிரிக்கரைக் கொண்டுவந்து, அழுத்தினார். டங்! தட்டு மல்லாந்தது.

பெண்கள் பிரிவில் மட்டுமல்ல, அவர் ரகப் பிஸ்டல்காரர்கள் அத்தனை பேரிலும் முதலிடம். வில்ஃப்ரெடோ இரண்டாவது.

"என்ன ஸ்பிரிங் போட்டீங்க மனாங்? மறைக்காம சொல்லுங்க."

"கம்பெனி ஸ்பிரிங்தான்."

"சும்மா சொல்லாதீங்க!" பாதுகாப்பு மேசையில் காலிப் பிஸ்டலை வாங்கி அழுத்திப் பார்த்தான். முகம் மாறியது. "இன்னும் கனமாத்தானே இருக்கு!"

"கனமா இருந்தா என்ன? எங்க விடும்னு என் விரலுக்குத் தெரியும்."

அவன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்து, தளமே அதிர, "எங்க டாக்டர்!" என்று கூவினான். அன்று மாலை, வட்டார அணிக்கான பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஹெர்மினியா பல்மாரெஸ் என்று கேட்டதும் அவர் கையிலிருந்த கோழி இறைச்சிக் குச்சியோடு எழுந்து நின்று, குழந்தை மாதிரி குதித்தார்.