டிரைவர் செதுக்கிய தர்பூசணி

அவளை எல்லோரும் சொப்பனம் என்றே கூப்பிட்டார்கள். விருந்து மண்டபத்துச் சமையலறையில் அவளுக்குப் பழம் நறுக்கும் வேலை. கத்தி கைக்கு வந்துவிட்டால் பக்கத்தில் அண்டா உருண்டாலும் காதில் விழாது. தர்பூசணியின் பச்சைத் தோலை மெல்லச் சீவுவாள். அடியில் வெள்ளை, அதற்கடியில் வெளிர் ரோஜா, அதற்கும் உள்ளே சிவப்பு. விடியற்கால வானத்தை யாரோ பழத்துக்குள் சுருட்டி வைத்ததுபோல் இருக்கும் அவளுக்கு. நடுவில் ஒரு வட்டம் கீறி, அதைச் சுற்றி இதழ் இதழாக வெட்டிக்கொண்டே போவாள். முடிந்ததும் மேசை நடுவில் வைக்க ஒரு பெரிய பூ இருக்கும். அதுவரை எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அவள் கணவன் டவுன் பஸ் டிரைவர். "தின்கிற பழத்தைக் கொத்திக் குதறி வைக்கிறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேலி செய்வானே தவிர, அவள் செய்த பூவை ஒருநாளும் மண்டபத்துக்கு வந்து பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் அவன் ஓட்டிய பஸ்ஸிலேயே வீடு திரும்பினாள். பஸ் நின்றது. மேற்கே மேகம் அடுக்கடுக்காக விரிந்து கிடந்தது. அதைப் பார்த்தபடியே, படி இல்லாத இடத்தில் காலை வைத்துவிட்டாள். விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுப்போய், முழங்கை வரை மாவுக்கட்டு. வண்டி அசையாமல்தான் நின்றிருந்தது. ஆனாலும் தன் பஸ்ஸிலிருந்து விழுந்தாளே என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் அம்மாவுக்குப் பணி ஓய்வு. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக ஏறி இறங்கிய மனுஷி. தெருக்காரர்கள் சேர்ந்து மண்டபத்தில் அவருக்கு விருந்து வைத்தார்கள். "இதுவரைக்கும் யாருக்கும் செய்யாத பூ ஒண்ணு உங்களுக்குச் செஞ்சு தர்றேன்" என்று சொப்பனம் எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள்.

விருந்தன்று காலையில் நாத்தனார் ஒரு தர்பூசணியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் கட்டோடு அதையே வெறித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான் டிரைவர். அவனுக்கு அன்று விடுமுறை.

"நீ சொல்லு. நான் வெட்டுறேன்."

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வெங்காயம் வெட்டினா எல்லாரும் அழுவாங்க. எங்க அண்ணன் வெட்டினா வெங்காயம்தான் அழும், அண்ணி!"

"நீ வாயை மூடிட்டுப் பழத்தைப் பிடி" என்றான் அவன்.

தோலைச் சீவுவதற்குள் பாதிப் பழம் போய்விடும் போலிருந்தது. முதல் இதழ் அடியோடு பெயர்ந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

"அப்படி இல்லைங்க... இப்படி" என்று சொப்பனம் இடது கையைக் காற்றில் வளைத்தாள்.

"இப்படின்னா எப்படி?"

இத்தனை காலம் அவள் கை செய்த வேலை. வாய்க்கு அது தெரியவே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டாள். சீவிய தோலின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. அது மழை நின்ற புல்வெளியின் வாசனை. மூடிய கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வளைவு தெரிந்தது.

"மலைப்பாதை வளைவுல ஸ்டியரிங்கை எப்படித் திருப்புவீங்க?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வெடுக்குனு திருப்ப மாட்டேன். உள்ள நாலு பேர் தூங்கிட்டு வருவாங்க. அவங்களை எழுப்பாம திருப்பணும்."

"அப்போ இதுக்குள்ளயும் யாரோ தூங்குறாங்கன்னு வெச்சுக்கங்க."

சமையலறையில் சுவர்க்கடிகாரச் சத்தமும் ஈரப் பழத்தில் கத்தி வழுக்கும் சத்தமும் மட்டும். "வெள்ளை வளையுது," என்றான் அவன் தணிந்த குரலில். "ரோஸ் தெரியுது... சிவப்பு வந்துடுச்சு." அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல உள்ளே ஒவ்வொரு நிறமாக விடிந்தது.

"சில நாள் மதியம் ரோடு காலியா இருக்கும்," என்றான் திடீரென்று. "வண்டி தண்ணி மேல போற மாதிரி இருக்கும். யார்கிட்டயும் சொன்னதில்ல. டிரைவர் கனவு காணுறான்னு சொன்னா எவன் வண்டியில ஏறுவான்?"

அவள் அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தும் இந்த மனுஷனுக்குள்ளும் இப்படியொரு சாலை ஓடியது தெரியாமல் போயிற்றே! மூக்கு நுனியில் பழச்சாறு ஒட்டியிருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் அடுத்த இதழுக்குக் கத்தியைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாத்தனாரும் கேலியை மறந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூ மலர்ந்தது. இதழெல்லாம் முட்டைக்கோஸ் இலை போலத் தடிமன். ஒரு பக்கம் நன்றாக விரிந்தும் மறுபக்கம் அரைத்தூக்கத்திலும் இருந்தது. ஈரத்துணி போர்த்தி குழந்தைபோல் கையில் ஏந்திக்கொண்டு அவனே மண்டபத்துக்குக் கொண்டுபோனான்.

நடு மேசையில் வைத்ததும் தபால்காரம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனையோ வீட்டு வாசல்ல எத்தனையோ பூச்செடி பார்த்திருக்கேன். இது என்ன பூவுப்பா?"

"தெரியலைங்க. எங்க வீட்டுல மட்டும்தான் பூக்கும்" என்றான் டிரைவர்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தபால்காரம்மா ஓர் இதழைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். சொப்பனத்தின் பூக்களை அழகு கெட்டுவிடுமென்று யாரும் தொட்டதே இல்லை. விருந்து முடிந்தபின் வாடிக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். அன்று தெருவே கை நீட்டியது. கடைசியில் குழிந்த சிவப்பு மட்டும் மிஞ்சியபோது, அவன் அதைக் கரண்டியால் வழித்து அவளுக்கு ஊட்டினான். "ஐயோ, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள். ஆனால் வாயைத் திறந்துகொண்டாள். தேனாக இனித்தது.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் அந்தக் கைக்கு நெடுநேரம் வேலை செய்யும் வலு வரவில்லை. அதனால் பெரிய விருந்துகளுக்கு உள்ளிதழ்களை அவளும் வெளியிதழ்களை அவனும் வெட்டுகிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு பேரையும் கூப்பிட்டால் ஒருவருக்கும் காது கேட்பதில்லை என்று மண்டபத்துச் சமையல்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார்.