ஒன்று புள்ளி ஒன்று

என் அப்பா பரீட்சையில் தோற்றவர். நான் இதை எழுதுவது தெரிந்தால் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார். பேசாவிட்டால் போகட்டும். வீட்டிலிருந்தபடி வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோவின் உரிமத்துக்குப் பரீட்சை எழுதத் திருவனந்தபுரம் போனபோது, தனியாகப் போகச் சங்கடப்பட்டு, துணைக்கு அம்மாவையும் எழுத வைத்தார். அம்மா கல்லூரியில் இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. முடிவு வந்தபோது அம்மா பாஸ், அப்பா ஃபெயில். மறுபடியும் எழுதினார், மறுபடியும் அதே கதை.

ஆக, உரிமம் அம்மாவின் பெயரில் வந்தது. வானொலியில் நம்மை அடையாளம் சொல்லும் கால்சைனும் அம்மாவுடையது. பேசியது மட்டும் அப்பா. பஞ்சாயத்துத் தலைவியின் நாற்காலியில் அவள் புருஷன் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவானே, அதே மாதிரிதான். உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால்தான் மற்றவர் பேசலாம் என்று அப்பாவே ஒரு விதி சொல்வார். அதனால் அவர் மைக்கை எடுக்கும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைப்பார். அம்மா முறத்தை மடியில் வைத்துச் சின்ன வெங்காயம் உரிப்பாள். அப்பா அவளுடைய கால்சைனைத் தன் சொந்தப் பேர்போலச் சொல்லி, தென்காசியில் சாரல் விழுவதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுவார். எனக்கு அப்போது பதினொரு வயது. இதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. ரேடியோ பக்கத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று முள் வைத்த சின்னப் பெட்டி ஒன்று உண்டு. நாம் அனுப்பும் சக்தி கேபிள் வழியாக மாடியில் இருக்கும் ஆண்டெனாவுக்குப் போகிறது. ஆண்டெனா ஏற்றுக்கொள்ளாதது திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்புகிறது என்பதை முள் காட்டும். ஒன்று என்றால் ஒன்றும் திரும்பவில்லை, எல்லாம் போய்ச் சேர்ந்தது. மூன்றைத் தாண்டினால் ரேடியோவே கருகிப்போகலாம். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். அவர் பட்டனை அழுத்துவார், நான் முள்ளைப் பார்த்து எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். கோயிலில் மணி அடிக்கக் கிடைத்த பிள்ளைபோல அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த வருஷம் ஆடி பிறந்ததும் அம்மாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்த்தது. பரீட்சை அறையில் அம்மாவுக்குப் பக்கத்து பெஞ்சில் எழுதிய புனலூர்க்காரி ஒருத்தி. அம்மா அவளைச் சேச்சி என்பாள். அன்று காலை பத்து மணிக்கு ரேடியோவில் பெண்கள் மட்டும் பேசுவது என்று சேச்சி ஏற்பாடு செய்திருந்தாள். மலைமேல் ஒரு ரிப்பீட்டர் இருந்தது. நம் குரலைப் பிடித்து உரக்கத் திருப்பி அனுப்பும். அதனால் மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாங்களும் அந்தப் பக்கம் இருக்கிற புனலூரும் பேசிக்கொள்ள முடியும். அம்மா தன் கால்சைனைத் தன் வாயால் சொல்லப் போகிற முதல் நாள் அது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. உதவி செய்கிறேன் என்று அப்பா நான்கு நாளுக்கு முன்பே கிளம்பிவிட்டார். ஆண்டெனாவை இன்னும் உயரத்தில் வைத்தால்தான் அம்மாவின் குரல் மலை ஏறும் என்று குழாயைத் தண்ணீர்த் தொட்டிமேல் தூக்கி நட்டார். கேபிள் எட்டவில்லை. மாடி மூலையில் மூன்று சீசனாக வாய் திறந்து கிடந்த பழைய கேபிள் சுருள் ஒன்றை எடுத்து ஒட்டுப் போட்டுக் கறுப்பு டேப்பைச் சுற்றினார். அது உள்ளே நனைந்திருக்கும், வேண்டாம் என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் யார் பேசுவது? மீட்டரைப் பார்த்தோம், ஒன்று புள்ளி ஆறு. அப்பாவின் முகம் கொஞ்சம் வாடியது. அன்று மாலை நல்ல சாரல். மறுநாள் மறுபடி பார்த்தால் முள் ஒன்று புள்ளி ஒன்றுக்கு இறங்கியிருந்தது.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. குற்றாலச் சாரல் பட்டால் வயல் மட்டுமல்ல, ஆண்டெனாவும் செழிக்கும் என்று அச்சன்புதூரில் இருந்த தன் உரக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு நாள் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தும் ஒருவரும் பதில் தரவில்லை. எல்லாரும் சீசனுக்குக் குளிக்கப் போயிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். மழை பெய்தபிறகு முள் இறங்குவது நல்லதுக்கில்லை என்று அம்மா சொன்னதை நான்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவகிரியிலிருந்து அத்தையும் மாமாவும் அருவியில் குளிக்க வந்திருந்தார்கள். அம்மா விடியலிலேயே ஐந்து பேருக்குப் போதுமான இட்லியை அவித்துவிட்டு, தலை குளித்து, பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். முறம் அன்று அவள் மடியில் இல்லை.

சேச்சியின் குரல் இரைச்சலுக்கு நடுவே மெல்லியதாகக் கேட்டது. ஒவ்வொரு கால்சைனாகக் கூப்பிட்டாள். அம்மாவினுடையதும் வந்தது. அம்மா பட்டனை அழுத்திப் பதில் சொன்னாள். சேச்சி மறுபடியும் கூப்பிட்டு, கேட்குன்னுண்டோ என்றாள். கேக்குது சேச்சி, நல்லாக் கேக்குது என்று அம்மா எழுதி வைத்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னாள். மூன்றாம் தடவையும் கூப்பிட்டுவிட்டு, தென்காசிக்காரிக்கு இன்று சமையல் வேலை போலிருக்கிறது என்று சிரித்தபடி சேச்சி அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது.

அம்மா திரும்பி, "கேபிள் தண்ணி குடிச்சிருக்குங்க. மாடியில ஆண்டெனாவக் கழட்டிட்டு ஒரு தடவை முள்ளைப் பாப்போம், தெரிஞ்சிரும்" என்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. கை நீட்டிப் பட்டனை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏட்டி, மீட்டர் என்ன காட்டுது?"

அத்தையும் மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து நின்று, "ஒண்ணு புள்ளி ஒண்ணு" என்றேன்.

"கேட்டியா? மீட்டர் பொய் சொல்லாது. உன் குரல்தான் ஏற மாட்டேங்குது" என்றார் அப்பா. மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அப்பாமேல் எனக்கு இருக்கிற கோபத்தில் சரிபாதி அந்தச் சிரிப்பின் மேல்தான்.

அவர்கள் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். அம்மா என்னை மட்டும் நிறுத்திக்கொண்டாள். குளியல், பரோட்டா, திரும்பும் வழியில் ரம்புட்டான் எல்லாம் போச்சு. நான் வாசற்படியில் காலை உதைத்து அழுதேன். அம்மா ஸ்பேனரைக் கையில் கொடுத்து, மாடிக்குப் போய் ஆண்டெனாவிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். கழற்றிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். அவள் பட்டனை அழுத்தினாள். இப்போது கேபிள் நுனியில் ஆண்டெனாவே இல்லை. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்து முள் கடைசிக்கு ஓடியிருக்க வேண்டும். அது ஒன்று புள்ளி இரண்டில் சாதுவாக நின்றது.

"பாத்தியா? திரும்பி வரலன்னா போய்ச் சேந்துட்டுன்னு அர்த்தம் இல்லட்டி. வழியிலேயே எல்லாத்தையும் கேபிள் தின்னுட்டு. இந்த முள்ளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குப் புரிந்தது என்று தலையாட்டினேன். மனசு ஐந்தருவியில் இருந்தது. அம்மா மாடிக்குப் போய் ஒட்டுப் போட்ட இடத்தை வெட்டினாள். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. செம்புக் கம்பி பாசி பிடித்த கிணற்றுப் படிபோலப் பச்சையாக இருந்தது. மிச்சமிருந்த நல்ல கேபிள் எட்டும்படி ஆண்டெனாக் குழாயைத் தனியாளாகக் கீழே இறக்கி, பழைய இடத்திலேயே கட்டினாள். மறுபடி பார்த்தபோது முள் ஒன்று புள்ளி நான்கு. அம்மா கூப்பிட்டாள். மணி பன்னிரண்டாகியிருந்தது, பெண்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டிருந்தார்கள். அவள் தன் கால்சைனை மட்டும் ஒரு தடவை நிதானமாகச் சொன்னாள். யாரோ முன்பின் தெரியாத ஒரு கிழவர், "தெளிவாக் கேக்குதும்மா" என்றார். அம்மா நன்றி சொல்லி அணைத்துவிட்டாள்.

அவளே பேசியது அந்த ஒரு தடவைதான். உரிமம் காலாவதியானபோது அவள் புதுப்பிக்கவில்லை. அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்று அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கு அந்த மீட்டரை எடுத்து அவர் முன்னால் போட்டு உடைக்க வேண்டும்போல் இருக்கும்.

அன்று சாயங்காலம் தலை ஈரத்தோடு எல்லாரும் திரும்பினார்கள். வெட்டிய கேபிள் மேஜைமேல் இருந்தது. அம்மா அதை விளக்கவில்லை, எடுத்து மறைக்கவுமில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியிலிருந்த பச்சை அவர் விரலில் ஒட்டியது. தப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் வேஷ்டியில் விரலைத் துடைத்துவிட்டு, நான் இல்லாத நேரத்தில் என் ரேடியோவில் உன்னை யார் கை வைக்கச் சொன்னது என்று ஆரம்பித்தார். என் ரேடியோ! அத்தை, மாமா முன்னாலேயே குரல் ஏறிக்கொண்டே போனது. பி.எஸ்ஸி. படித்த திமிர் என்பதுவரை போனது.

அம்மா தோசைக்கல்லில் மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்தாள். எண்ணெய் விட்டாள். திருப்பிப் போட்டாள். அவளிடமிருந்து ஒரு வார்த்தையும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவும் ஓய்ந்து, மாமாவோடு அருவிக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சண்டை எதுவும் இல்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, இன்னொரு தோசை கேட்டேன்.